பிளட் இன்கான்டேஷனின் புதிய ஆல்பம்: டெத் மெட்டலா, வெட்டி ஒட்டிய இரண்டு ஆல்பங்களா?

நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பத்து ஆண்டுகளாக டெத் மெட்டல் எனும் கனமான, வேகமான, உறுமல் குரல் கொண்ட ராக் வகையைக் கேட்டுவருகிறீர்கள். பிளட் இன்கான்டேஷன் குழு 2019இல் வெளியிட்ட ‘ஹிடன் ஹிஸ்டரி ஆஃப் தி ஹியூமன் ரேஸ்’ உங்களுக்கு மிகவும் நெருக்கமான ஆல்பம். ஆனால் 2024 அக்டோபரில் வந்த ‘அப்சல்யூட் எல்ஸ்வேர்’ பாதி நேரம் மின்னணு விசைப்பலகைக் கருவியான சின்தசைசரும் மென்மையான கிட்டாருமாக நகர்கிறது, இரண்டு ஆல்பங்களை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். ஊரே மெச்சும் ஆல்பம் உங்களுக்கு ஒட்டாமல் போனதற்கு உங்கள் காதுதான் காரணமா, இதை டெத் மெட்டல் என்று சொல்வது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வகைப்பெயர் பற்றிய கேள்விக்குப் பதில் எளிது. உங்களை உறுத்துவது அது இல்லை என்று நினைக்கிறேன். வன்மையான பகுதியும் மென்மையான பகுதியும் சந்திக்கும் இடத்தில் ஒட்டு நிற்கிறதா என்பதே நீங்கள் உண்மையில் கேட்டது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: சில ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்துவிட்டு, கடந்த பதினெட்டு ஆண்டுகளாக இத்தகைய கனமான இசைக்குழுக்களுக்கு ஒலிப்பதிவும் ஒலிக்கலவையும் செய்துவருகிறேன். டிரம்ஸ், கிட்டார், குரல் பற்றிச் சொல்வதைத் தொழில் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். சின்தசைசர் இசையில் நான் வெறும் ரசிகன். அந்தப் பகுதிகளைப் பற்றி நான் சொல்வதைச் சக ரசிகனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வகைப்பெயரை முடித்துவிடலாம். இது டெத் மெட்டல்தான். கீழிறக்கிச் சுருதி சேர்த்த கிட்டார்கள், ஒரே தந்தியை அதிவேகமாக மீட்டி எழுப்பும் ரீங்காரம், டிரம்ஸில் இடைவிடாமல் அதிவேகமாக அடிக்கும் பிளாஸ்ட் பீட், உறுமல் குரல் எல்லாம் இதில் இருக்கின்றன. இருக்கும் இடங்களில் முழு வேகத்தோடு இருக்கின்றன. விசைப்பலகை நுழைந்தால் வகை கெட்டுவிடும் என்று சொன்னால், இந்த இசையின் தொடக்க காலத்தையே தள்ளிவைக்க வேண்டியிருக்கும். டெத் குழுவின் முதல் ஆல்பம் 1987இல் வந்தது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1990இல், நாக்டர்னஸ் குழு விசைப்பலகைக் கலைஞர் ஒருவரை முழுநேர உறுப்பினராக வைத்துக்கொண்டு ‘தி கீ’ ஆல்பத்தை வெளியிட்டது. டெத்தின் 1991 ஆல்பமான ‘ஹியூமன்’ இல் வாசித்த பால் மாஸ்விடலும் ஷான் ரைனர்ட்டும் 1993இல் சினிக் குழுவின் ‘ஃபோகஸ்’ ஆல்பத்தில் உறுமலுக்குப் பக்கத்திலேயே இயந்திரத்தில் வடிகட்டிய மென்குரலையும் ஜாஸ் சாயல் கொண்ட தாளங்களையும் வைத்தார்கள். அதே ஆண்டில் பெஸ்டிலன்ஸ் ‘ஸ்பியர்ஸ்’ இல் கிட்டார் சின்தசைசரைப் பயன்படுத்தியது. 1996இல் எட்ஜ் ஆஃப் சானிட்டி நாற்பது நிமிட ஒற்றைப் பாடலாக ‘கிரிம்சன்’ ஆல்பத்தைத் தந்தது. ஆகவே பிளட் இன்கான்டேஷன் வேலி தாண்டிப் போகவில்லை. முப்பது ஆண்டுகளாக இருக்கும் ஒரு தடத்தில்தான் நடக்கிறது.

இந்தக் குழுவும் ஒரே இரவில் மாறிவிடவில்லை. கொலராடோவின் டென்வரைச் சேர்ந்த இந்த நால்வரின் முதல் முழு ஆல்பமான ‘ஸ்டார்ஸ்பான்’ 2016இல் வந்தபோதே அதன் முதல் பாடல் பதின்மூன்று நிமிடம் ஓடியது. நீங்கள் விரும்பும் 2019 ஆல்பத்தின் கடைசிப் பாடல் பதினெட்டு நிமிடம். 2022இல் வந்த ‘டைம்வேவ் ஜீரோ’ இல் டிரம்ஸும் இல்லை, உறுமலும் இல்லை. முழுக்க முழுக்கச் சின்தசைசர் வெளியில் மிதக்கும் இசை. அதைக் கேட்டு முகம் சுளித்த ரசிகர்கள் நிறையப் பேர். இப்போது வந்திருக்கும் ஆல்பம் அந்த இரண்டு ஓடைகளையும் ஒரே படுகையில் விடும் முயற்சி. அதனால் ‘இரண்டு ஆல்பங்கள்’ என்று நீங்கள் சொன்னது வரலாற்றின்படி சரியான கவனிப்புதான். அவை கலந்தனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒட்டு ஏன் கடினம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் டிரம்ஸ் கலைஞர் வழக்கமான பிளாஸ்ட் பீட் வாசித்தால், ஸ்நேர் எனும் கூர்மையாக ஒலிக்கும் முரசில் மட்டும் நொடிக்கு ஆறேழு அடி விழும். ஓர் அறையில் ஒலி அடங்க ஒரு நொடி பிடிக்கிறது என்றால், முதல் அடியின் எதிரொலி ஓய்வதற்குள் ஆறு அடிகள் அதன்மேல் வந்து குவிந்துவிடும். கேட்பவருக்குக் கிடைப்பது தாளம் இல்லை, சேறு. அதனால்தான் டெத் மெட்டல் டிரம்ஸைப் பலர் எதிரொலி இல்லாத இறுக்கமான அறையில் பதிவுசெய்கிறார்கள். பலர் ஒவ்வோர் அடிக்கும் முன்பே பதிவான மாதிரி ஒலியைப் பொருத்திவிடுகிறார்கள். மென்மையான பகுதிக்கு இதற்கு நேர்மாறான தேவை உண்டு. அங்கே ஒரு சிம்பல் அடித்தால் அது காற்றில் விரிந்து மெல்ல அடங்க வேண்டும். அறை மூச்சுவிட வேண்டும். ஒன்றுக்குத் தோதான அறை மற்றொன்றுக்கு ஆகாது. இரண்டையும் ஒரே ஆல்பத்தில் வைக்கும் குழு, இரண்டு வெவ்வேறு ஒலியுலகங்களை உண்டாக்கி நடுவில் கதவு வைக்க வேண்டும். அல்லது இரண்டுக்கும் பொதுவான ஓர் ஒலியைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வழி எளிது. அதில்தான் ஒட்டுப்போட்ட தழும்பு தெரியும்.

தழும்பு எப்படி உண்டாகிறது என்பதை நான் கையாலேயே கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் இளைஞர்கள் குழு ஒன்றின் பாடலைப் பதிவுசெய்தேன். நடுவில் தூய, அதாவது கரகரப்பு சேர்க்காத, கிட்டார் மட்டும் ஒலிக்கும் ஒரு நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் முழு வேகம். வசதிக்காக மூன்று துண்டுகளாக வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு துண்டும் தனியே கேட்டால் அருமை. சேர்த்துப் போட்டபோது பாடல் செத்துக் கிடந்தது. அன்று இரவெல்லாம் ஒலியளவை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன், பயனில்லை. மறுநாள் காலை டிரம்ஸ் வாசித்த பையன்தான் கண்டுபிடித்தான். வேகமான பகுதியின் கடைசி அடியில் அவன் அடித்த சிம்பல், தூய கிட்டார் தொடங்கும் இடத்தில் கத்தரித்ததுபோல் நின்றுபோயிருந்தது. நிஜத்தில் அந்தச் சிம்பல் நாலைந்து நொடி அதிர்ந்திருக்கும். கிட்டாரின் முதல் மூன்று சுரங்கள் அந்த அதிர்வுக்குள்தான் பிறந்திருக்க வேண்டும். மூன்று துண்டுகளையும் அழித்துவிட்டு, நால்வரையும் ஒரே மூச்சில் வாசிக்க வைத்தோம். வாசிப்பில் இரண்டு சிறு பிழைகள் இருந்தன. அப்படியே விட்டுவிட்டோம். ஒட்டு மறைந்துபோயிருந்தது. அன்றிலிருந்து எந்த ஆல்பத்தைக் கேட்டாலும், பகுதி மாறும் இடத்தில் முந்திய பகுதியின் எச்சம் என்னவாகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்கிறேன்.

அந்தக் காதோடு ‘அப்சல்யூட் எல்ஸ்வேர்’ ஆல்பத்துக்கு வருவோம். இதில் இரண்டே படைப்புகள். ‘தி ஸ்டார்கேட்’ ஏறத்தாழ 20 நிமிடம், ‘தி மெசேஜ்’ ஏறத்தாழ 23 நிமிடம். ஒவ்வொன்றும் மூன்று பகுதிகள். இது எல்பி இசைத்தட்டின் இரண்டு பக்கங்களுக்கான அளவு. ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் தட்டின் வரிகளை நெருக்க வேண்டிவரும், ஒலியின் பலம் குறையும். எழுபதுகளின் நெடும்படைப்புகளுக்கு அந்த நீளம் வந்தது இந்தக் கட்டுப்பாட்டால்தான். ஆல்பத்தின் பெயரே அந்தக் காலத்துக்கு ஒரு வணக்கம்: 1976இல் ஆல்பம் வெளியிட்ட ஒரு பிரிட்டிஷ் புராக்ரெஸிவ் இசை முயற்சியின் பெயர் அது, அதில் டிரம்ஸ் வாசித்தவர் பில் புரூஃபோர்ட். பதிவு நடந்த இடம் பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோ. டேவிட் போவி 1977இல் ‘ஹீரோஸ்’ ஆல்பத்தைப் பதிவுசெய்த அதே ஹான்சா. தயாரிப்பாளர் ஆர்தர் ரிஸ்க். 1967இல் பெர்லினில் தொடங்கிய, சின்தசைசர் இசைக்குப் பேர்பெற்ற டேஞ்சரின் டிரீம் குழுவை இன்று நடத்திச் செல்லும் தோர்ஸ்டன் க்வேஷ்னிங், ‘ஸ்டார்கேட்’ இன் இரண்டாம் பகுதியில் விருந்தினராக வாசிக்கிறார். ஸ்வீடனின் ஹேலாஸ் குழுவைச் சேர்ந்த நிக்லஸ் மால்ம்க்விஸ்ட் ஆல்பம் நெடுக விசைப்பலகைகளைக் கவனித்துக்கொள்கிறார்.

‘ஸ்டார்கேட்’ இன் ஒட்டுகள் நிற்கின்றன என்பது என் உறுதியான கருத்து. முதல் காரணம் ஐசக் ஃபால்க்கின் டிரம்ஸ். வேகமான பகுதியில் கேட்கும் அதே ஸ்நேர்தான் மென்மையான பகுதியிலும் கேட்கிறது. மரமும் தோலும் தெரிகிற, வலுவாக அடித்தால் ஒரு விதமாகவும் மெல்ல அடித்தால் வேறு விதமாகவும் பேசுகிற ஸ்நேர். பிளாஸ்ட் பீட்டில் கூட அடிக்கு அடி சின்ன வித்தியாசம் இருக்கிறது. மாதிரி ஒலி பொருத்திய டிரம்ஸில் இது வராது. அதனால் பகுதி மாறும்போது, அதே மனிதர் கையைத் தளர்த்துகிறார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. நம் தாளப் பழக்கத்தில் மேல்காலத்தில் இருந்து கீழ்க்காலத்துக்கு இறங்குகையில் அடிநாடி மாறாமல் இருக்குமே, அந்த உணர்வு இங்கே எனக்குக் கிடைக்கிறது. இரண்டாவது காரணம் ஜெஃப் பாரெட்டின் பேஸ் கிட்டார். அதன் கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் கட்டைகள் (ஃபிரெட்) கிடையாது. வயலின்போல விரல் வழுக்கிச் செல்லும். டெத் மெட்டலின் கிட்டார்கள் சுரங்களைக் கொத்திக் கொத்தி வைக்கும்போது, அடியில் இந்த பேஸ் மட்டும் ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்குக் குழைந்து போகிறது. வன்மை விலகி வெளி திறக்கும்போது அந்தக் குழைவு புதிதாக வருவதில்லை. அதுவரை அடியில் ஓடியது மேலே தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு ராகமாலிகையில் அடுத்த ராகத்தின் சாயலை முந்திய ராகத்தின் கடைசிச் சொற்றொடரிலேயே காட்டிவிடுவார்களே, அதுபோல.

இங்கே உங்களிடம் ஒரு கேள்வி. இந்த ஆல்பத்தை எதில், எப்படிக் கேட்டீர்கள்? இணைய ஒலிபரப்பில் இந்த இரண்டு படைப்புகளும் ஆறு தனித்தனிப் பாடல்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பல செயலிகளில் பாடலுக்குப் பாடல் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி உண்டு. தனித்தனிப் பாடலாகவோ கலைத்துப்போட்டோ கேட்டால், மென்மையான பகுதியை அது மேலே தூக்கும், வன்மையான பகுதியைக் கீழே அழுத்தும். இரண்டும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். மென்மையில் இருந்து வன்மை வெடித்துக் கிளம்ப வேண்டிய இடத்தில், சூடு இல்லாத ஓர் ஒலி வந்து சேரும். இதோடு ஒரு பாடலின் வாலையும் அடுத்ததன் தலையையும் குழைத்துக் கலக்கும் வசதியும் இயங்கிக்கொண்டிருந்தால், குழு பார்த்துப் பார்த்துச் செய்த இணைப்பின்மேல் இயந்திரம் இன்னோர் ஒட்டுப் போட்டுவிடும். சில கருவிகள் பாடல்களுக்கு நடுவே அரை நொடி மௌனத்தையும் சேர்க்கின்றன. நீங்கள் ‘வெட்டி ஒட்டியதுபோல்’ என்ற சொல்லையே எழுதியிருப்பதால் இந்தச் சந்தேகம் எனக்கு வலுவாக இருக்கிறது. இதுதான் காரணம் என்று இங்கிருந்தபடி அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முழு ஆல்பமாக முதலில் இருந்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் குழுக்களே தங்கள் கலவையைப் பற்றிப் புகார் சொல்லி, கடைசியில் குற்றவாளி அந்தச் சமப்படுத்தும் வசதி என்று தெரியவந்தது ஒன்றிரண்டு முறை இல்லை.

அதைச் செய்த பிறகும் உறுத்தினால், உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது என்று சொல்வேன். ஏனெனில் ‘மெசேஜ்’ இல் எனக்கும் உறுத்துகிறது. அதன் இரண்டாம் பகுதியில் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான பால் ரீடல் உறுமலை விட்டுவிட்டுத் தெளிந்த குரலில் பாடுகிறார். பிங்க் ஃபிளாய்ட் நினைவு வராமல் யாராலும் அதைக் கேட்க முடியாது. மென்மை அங்கே குறையாகப் படவில்லை. குரல் மாறுவதால் இசைக்குள் யார் தலைவர் என்பதே மாறிவிடுகிறது என்பதுதான் சிக்கல். உறுமலில் உண்மையான குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க்குரல் மடிப்புகளும் சேர்ந்து அதிர்கின்றன; தெளிவான சுரம் ஏதும் பிறப்பதில்லை. ஆகவே டெத் மெட்டலில் குரல் கிட்டத்தட்ட ஒரு தாளக் கருவி. மெட்டைச் சுமப்பது கிட்டார். தெளிந்த குரல் வந்ததும் மெட்டு குரலுக்குப் போய்விடுகிறது, கிட்டார் பக்கவாத்தியமாகிறது. ‘ஸ்டார்கேட்’ இன் நடுப்பகுதியில் சின்தசைசர் முன்னுக்கு வந்தாலும் இந்த அதிகார மாற்றம் நடப்பதில்லை. கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. ‘மெசேஜ்’ இல் நடக்கிறது. அதைத் தாங்க அந்தக் குரலுக்கு ஒரு திண்மை வேண்டும். ரீடலின் உறுமலில் இருக்கும் அதிகாரம் அவருடைய பாட்டில் இன்னும் வரவில்லை. தயங்கிய குரலாக, கலவையில் சற்றுப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. அந்தத் தயக்கமே அந்த இடத்துக்குப் பொருத்தம் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கேட்பதும் தவறில்லை. இங்கே நான் சொல்வது ரசனை, ஒலியியல் இல்லை.

‘மெசேஜ்’ இன் மூன்றாம் பகுதி பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. முழு ஆல்பத்திலும் எனக்கு மிகவும் பிடித்த கிட்டார் வேலை அதில்தான் இருக்கிறது. ரீடலும் குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞர் மோரிஸ் கொலோன்டிர்ஸ்கியும் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கும் இடங்களுக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன். ஆனால் அந்தப் பகுதியின் பலம் அதற்கு முந்தியதில் இருந்து வளர்ந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் பகுதியைத் தூக்கிவிட்டு முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன். பெரிய இழப்பு தெரியவில்லை. ‘ஸ்டார்கேட்’ இல் இதே சோதனையைச் செய்தால் படைப்பே சரிந்துவிடுகிறது: க்வேஷ்னிங்கின் பகுதி இல்லாமல் மூன்றாம் பகுதியின் தாக்குதல், பாதி வழியில் தொடங்கிய சண்டைபோல ஒலிக்கிறது. ஒட்டு உயிருள்ளதா என்று அறிய என்னிடம் இருக்கும் நல்ல சோதனை இதுதான். நீங்களும் செய்து பாருங்கள்.

‘கிரிம்சன்’ நாற்பது நிமிடம் ஓடியும் சிதறாமல் நிற்பதற்குக் காரணம், பழைய மெட்டுகள் வேறு வேறு உடையில் திரும்பி வருவது. பிளட் இன்கான்டேஷன் அந்த உத்தியை அதிகம் நம்புவதில்லை. முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. திரும்பிப் பார்ப்பது குறைவு. அதனால் ஒவ்வோர் ஒட்டும் தன் பலத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இது துணிச்சலான வழி, ஆபத்தான வழியும்கூட. சில இடங்களில் அந்த ஆபத்து கேட்கவும் செய்கிறது. தலைசிறந்த படைப்பு என்ற முத்திரை விழுந்துவிட்டால் இப்படிப்பட்ட இடங்களைப் பற்றிப் பேசுவதையே பலர் நிறுத்திவிடுகிறார்கள், அது இந்தக் குழுவுக்குச் செய்யும் நன்மை இல்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. இத்தனை உழைத்துச் செய்த ஒன்றை இத்தனை நுணுக்கமாகக் கேட்பதுதான் அதற்குரிய மரியாதை. உங்கள் கேள்வி எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.

‘ஹிடன் ஹிஸ்டரி’ இதைவிட உயர்ந்ததா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இறுக்கம் என்று பார்த்தால் அதுதான் உயர்வு. அதன் நான்கு பாடல்களில் வீணாகப் போகும் ஒரு நிமிடத்தை என்னால் காட்ட முடியாது. ஆனால் ‘ஸ்டார்கேட்’ இன் இருபது நிமிடத்தை அந்தக் குழு இதுவரை செய்த எதனோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன். அடுத்த முறை அதைப் போடும்போது கிட்டாரையும் விசைப்பலகையையும் விட்டுவிட்டு, பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு இருபது நிமிடமும் போய்ப் பாருங்கள். நல்ல ஹெட்போன் வேண்டும். அலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அந்த இழை கேட்கவே கேட்காது.